வாயில் உள்ள தமிழ் தாளில் ஏன் இல்லை?



தகடூர் என்னும் தன் பழம்பெயரை இழந்து தருமபுரி என வழங்கிவரும் நகரில் பேருந்தை விட்டு இறங்கிச் சற்றே நடந்து பாருங்கள். மாடிப்படி ஓரங்களிலும் மின்கம்பங்களிலும் ஒரே வகை விளம்பரத்தைக் காண்பீர்கள். 'ஸ்போக்கன் இங்கிலீசு' கற்றுத் தருகின்றார்களாம். 'கம்யூனிகேசன் ஸ்கில்சு' வளர்த்துவிடுகின்றார்களாம். பாலக்கோட்டிலும் அரூரிலும் இதே கடை, இதே சரக்கு. ஆங்கிலத்தில் நான்கு தொடர் பேசத் தெரிந்தவன் பேச்சுத்திறன் உடையவன். தமிழில் நாற்பதாண்டு பேசி, கொண்டு கொடுத்து, ஊர்வழக்குத் தீர்த்து வாழ்ந்தவன் வாயில்லாதவன்! இதைவிடப் பெரிய பொய் ஒன்று தமிழ்நாட்டில் விலைக்கு விற்கப்படுவதாக நமக்குத் தெரியவில்லை.

ஆங்கிலம் கற்பதை நாம் தடுக்கவில்லை. பிழைப்புக்காக ஒருவன் எத்தனை மொழி வேண்டுமாயினும் கற்கட்டும். நாம் கேட்பது வேறு. அன்றாட வாழ்வில் ஒருவனுக்கு மொழி எதற்குப் பயன்படவேண்டும்? தன் குறையைத் தானே எடுத்துரைக்க. தன்முன் நீட்டப்படும் தாளைத் தானே படித்துப் பொருள்கொள்ள. புரியாதபோது 'புரியவில்லை' என்று நிமிர்ந்து நின்று கேட்க. இம்மூன்றும் இயலாதவன் ஏழு மொழி கற்றும் ஊமையே. இம்மூன்றையும் தமிழில் செய்ய இயலாதவாறு, தமிழ்நாட்டிலேயே தமிழனை ஆக்கி வைத்திருக்கின்றார்களே, அதுதான் நம் வழக்கு.

கிழவி சொன்னதும் தாள் சொன்னதும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. குறை கூற வந்த மக்கள் கூட்டத்தோடு ஓர் அரசு அலுவலகத்தின் வாயிலில் நின்றிருந்தேன். பென்னாகரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர், கூலி கொடுத்து எழுதி வாங்கிய வேண்டுகைத் தாளை இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மூன்றாம் முறையாக வருகின்றாராம். "என்ன ஆயா எழுதியிருக்கு?" என்று கேட்டேன். "எனக்கென்னா தெரியும் சாமி? எழுதுனவருக்குத்தான் தெரியும்" என்றார்.

"சரி ஆயா, உங்கள் குறை என்ன?" என்றேன். அவர் மூச்சுவிடாமல் சொன்னார். அவருடைய கொல்லைக்குப் போகும் தடத்தைப் பங்காளி கல் நட்டு அடைத்துவிட்டான்; ஆடிப் பதினெட்டுக்கு முந்தைய நாள் அடைத்தான்; முன்பு வண்டி போகும் அகலம் இருந்தது, இப்பொழுது ஆடுகூட நுழையாது; நில அளவையர் வந்து அளந்து கல்லை எடுத்துக்கொடுத்தால் போதும். யார், எப்பொழுது, என்ன, எவ்வளவு, என்ன வேண்டும் என ஐந்தையும் வரிசை பிறழாமல், ஒரு சொல் மிகாமல் சொல்லி முடித்தார்.

தாளை வாங்கிப் படித்தேன். 'மேற்படி சொத்தில் மனுதாரர் அனுபவ பாத்தியதை கொண்டாடி வருவதாலும், எதிர்மனுதாரர் துராக்கிருதமாய்ப் பிரவேசித்திருப்பதாலும், சமூகம் தயைகூர்ந்து பட்டா மாறுதல் செய்து உத்தரவிடப் பிரார்த்திக்கின்றேன்' என்று இருந்தது. தடம் என்னும் சொல் அத்தாளில் ஓரிடத்தும் இல்லை! முன்னிரு முறையும் பட்டா மாறுதல் பற்றியே மறுமொழி வந்திருந்தது. 'அரசாங்கம் எனக்குத் தடம் இல்லையின்னுருச்சு' என்று அந்த அம்மையார் நம்பிக்கொண்டிருந்தார். அரசுக்கோ அவர் தடம் கேட்டதே தெரியாது!

அங்கேயே திண்ணையில் அமர்ந்து, அவர் வாய்ச்சொல்லை அப்படியே எட்டு வரியில் எழுதிப் படித்துக்காட்டினேன். "இதுதான் சாமி, இதேதான்" என்றார். அந்த 'இதேதான்' என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. பேச்சுத்திறன் யாரிடம் இருந்தது? படிப்பறியாத அந்தக் கிழவியிடம் இருந்தது. அதைக் கெடுத்தது எது? அவர் வாய்க்கும் அரசின் காதுக்கும் நடுவே புகுந்துகொண்ட புரியாமொழி. அதற்குக் கூலியும் அவரே கொடுத்தார் என்பதுதான் கொடுமையிலும் கொடுமை!

விற்றவனுக்கே விளங்காத விற்பனை

இது ஒரு கிழவியின் கதை என்று ஒதுக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பழைய நில ஆவணம் ஒன்றை எடுத்துப் படியுங்கள். 'தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் அனுபவித்துக் கொள்ளவும்' என்று காண்பீர்கள். எழுத்து தமிழ், மொழி என்ன மொழி? கொடையாகக் கொடுக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் தக்கதாய், மகன் பேரன் வழிவழியாய், முழு உரிமையோடு ஆண்டு கொள்க என்பதுதானே இதன் பொருள்? இதனை இப்படியே எழுதினால் நிலம் கைமாறாதா? பதிவு அலுவலகத்தின் முத்திரை விழாதா?

ஒத்தி என்றால் என்ன, விற்பனை என்றால் என்ன என்பதை நம் உழவன் நன்கு அறிவான். கடனை அடைத்தால் ஒத்தி நிலம் திரும்பி வரும்; விற்ற நிலம் திரும்பாது. ஆனால் 'கிரயம்' என்றும் 'சாசனம்' என்றும் 'சுவாதீனம்' என்றும் கோர்த்து விரைந்து படித்துக்காட்டிக் கட்டைவிரலை மையில் தோய்த்தால், தான் ஒத்தி வைத்தானா, விற்றுத் தொலைத்தானா என்பதை அவன் எங்ஙனம் அறிவான்? மொழி மறைப்பு என்பது நிலப்பறிப்பின் முதற்படி. இதை உணராதவர்களே தனித்தமிழைப் புலவர்களின் பொழுதுபோக்கு என்று எள்ளுகின்றனர்.

இன்னும் ஒன்று கேளுங்கள். தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு என்னும் உப்பு அளவு மிகுந்து, பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படிவதும், அகவை முதிர்ந்தோர்க்கு எலும்பும் மூட்டும் இறுகுவதும் நெடுங்காலத் துன்பம். இதற்கென்றே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டு 2013ஆம் ஆண்டு செயலுக்கு வந்தது. நல்ல திட்டம், வரவேற்கின்றோம். ஆனால் அதன் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'புளோரோசிஸ்' என்னும் சொல்லின் பொருள் எத்தனைத் தாய்மார்க்குத் தெரியும்? 'பற்கறை நோய், எலும்பிறுக்க நோய்' என்று எழுதியிருந்தால், 'ஐயோ, என் பிள்ளைக்கும் இதுதானே!' என்று ஒவ்வொரு தாயும் நிமிர்ந்து பார்த்திருப்பாளே! நோயைத் தன் பல்லில் சுமப்பவனுக்கு அந்நோயின் பெயர் தெரியவில்லை என்றால், அவன் எப்படித் தன்னைக் காத்துக்கொள்வான்?

2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, தருமபுரி மாவட்டத்திலோ 68.54 விழுக்காடு. மாவட்டங்கள் அனைத்திலும் இதுவே கடைசி. எழுத்தறிவு குறைந்த மண்ணில் அலுவல்மொழி பிற இடங்களினும் எளிதாக அன்றோ இருக்கவேண்டும்? படித்தவர்க்கே புரியாத மொழியைப் படியாதவர் தலையில் சுமத்துவது எந்த ஞாயம்?

இம்மண்ணின் மரபு எது?

தெளிவாகச் சொல்லுதல் தகடூர் மண்ணுக்குப் புதிதன்று. இம்மாவட்டத்திலும் அண்டையிலுள்ள செங்கம் பகுதியிலும் வட்டெழுத்துப் பொறித்த நடுகற்கள் காடுமேடெல்லாம் நிற்கின்றன. 1970களில் தொல்லியல் துறையினர் அவற்றைப் படியெடுத்து நூலாக்கினர். தருமபுரி அருங்காட்சியகத்திலும் பல கற்களைக் காணலாம். அவற்றில் என்ன எழுதியிருக்கின்றது? இன்ன அரசனின் இன்ன ஆண்டில், இன்ன ஊரில், இன்னாருடைய மறவன் இன்னான், ஆநிரை மீட்டுப் பட்டான் என்று, சில வரிகளுக்குள் எல்லாம் முடிந்துவிடுகின்றன. ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன், கல்லில் உளிபிடித்தவனுக்கு இருந்த தெளிவு, இன்று கணிப்பொறியில் தட்டெழுதுபவனுக்கு இல்லாமற் போனது ஏன்? கல்வெட்டியவன் ஊரார் படிப்பதற்காக வெட்டினான். இவனோ ஊரார் படிக்கக்கூடாது என்பதற்காக எழுதுகின்றான்!

அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராய்த் தொண்டைமான்பால் சென்ற ஔவையாரை எண்ணிப் பாருங்கள். தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டினான் அவ்வரசன். மயிற்பீலி சூட்டி நெய் பூசிப் பளபளவென்று காவலில் கிடக்கும் கருவிகளைக் கண்ட அம்மூதாட்டியார், எங்கள் அரசனுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். அவ்வளவே. 'நீ போர் கண்டறியாதவன். அவன் நாள்தோறும் போரிடுபவன்' என்னும் எச்சரிக்கையை, ஒரு கடுஞ்சொல்லும் கூறாமல், கேட்டவன் நெஞ்சில் இறக்கிவிட்டார். பேச்சுத்திறன் என்றால் இதுவன்றோ பேச்சுத்திறன்! அந்தத் தகடூரில்தான் இன்று பேச்சுத்திறனை முப்பது நாள் வகுப்பில் விலைபேசுகின்றார்கள்.

பாப்பாரப்பட்டிக்கும் சென்று வாருங்கள். 1925ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23ஆம் நாள் அங்கே உயிர்நீத்த சுப்பிரமணிய சிவாவை நாட்டு விடுதலை வீரர் என்றே எல்லாரும் அறிவர். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்ட 1916ஆம் ஆண்டிற்கு முன்னரே, 1915இல், தம் 'ஞானபானு' இதழில், பிறமொழிச் சொல் கலவாத தமிழில் எழுதுவார்க்கு ஐந்து உருபா பரிசு என்று அறிவித்தவர் அவர் என்பதை எத்தனைப் பேர் அறிவர்? இதழின் பெயரே வடசொல்லாக இருந்தது. ஆயினும் உள்ளம் தமிழை நாடிற்று. அவர் மண்ணுள் உறங்கும் மாவட்டத்தில், தமிழில் ஒரு வேண்டுகை எழுதத் தமிழன் கூலி கொடுக்கின்றான்!

சட்டம் யார் பக்கம்?

தருமபுரி மாவட்டம் பிறந்தது 1965ஆம் ஆண்டு அக்தோபர் 2ஆம் நாள். இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழ்நாடே தீப்பற்றி எரிந்த ஆண்டு அது. அதற்கும் முன்பே, 1956இல், தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்துவிட்டது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கீழமை வழக்குமன்றங்களுக்கும் தமிழ் உரியதாயிற்று. கடைப் பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாக இருக்கவேண்டும் என்று விதி உண்டு. அரசு அலுவலர் தமிழில் ஒப்பமிட ஆணை உண்டு. 2005ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டம், அவ்வப் பகுதியின் ஆட்சிமொழியிலேயே கேள்வி எழுப்பலாம் என்கின்றது. எழுத இயலாதவர் வாயாற் சொன்னால், அதனை எழுத்தில் வடிக்கப் பொதுத் தகவல் அலுவலர் உதவவேண்டும் என்றும் அச்சட்டமே கூறுகின்றது. காவல் நிலையத்தில் வாய்மொழியாகக் கொடுக்கும் முறையீட்டை எழுதி, கொடுத்தவர்க்குப் படித்துக்காட்டி, கட்டணமின்றிப் படியும் தரவேண்டும் என்பதும் சட்டமே. படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டவர் எத்தனைப் பேர்? கேட்கலாம் என்று அவர்களுக்குச் சொன்னவர்தாம் எத்தனைப் பேர்?

இவை நம் கையில் உள்ளவை. நம்மிடமிருந்து பிடுங்கி வைத்திருப்பவை வேறு. உயர் வழக்குமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. இராசசுத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநில உயர் வழக்குமன்றங்களில் இந்திக்கு இடம் உண்டு. தமிழுக்கோ நடுவணரசு இசையவில்லை. 2024 சூலை முதல் நாளிலிருந்து குற்றவியல் சட்டங்களுக்கே 'பாரதிய நியாய சன்கிதா' முதலாகச் சமற்கிருதப் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. தன்மீது பாயும் சட்டத்தின் பெயரையே ஒலிக்கத் தெரியாமல் கூண்டில் நிற்கவேண்டும் தமிழன்!

மொழி புரியாமை உயிருக்கே உலையாகும் என்பதற்கும் சான்று உண்டு. 2019 மே திங்களில், மதுரை மாவட்டம் திருமங்கலம் அருகே ஒரே தடத்தில் இரண்டு தொடர்வண்டிகள் செலுத்தப்பட்டு, நல்வாய்ப்பாகப் பேரிடர் தவிர்ந்தது. நிலைய அலுவலர் இருவரிடை ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காமையே கரணியம் என்று செய்திகள் வந்தன. அதற்குத் தீர்வாக, 'தமிழ்நாட்டில் பணியாற்றுவோர் தமிழ் கற்க' என்றார்களா? இல்லை! இந்தியிலோ ஆங்கிலத்திலோ மட்டும் பேசுக என்று சூன் திங்களில் ஆணை பிறந்தது. எதிர்ப்பு எழுந்தபின் அது பின்வாங்கப்பட்டது. அடுத்த திங்களே, சூலை 14ஆம் நாள், அஞ்சல்துறைத் தேர்வை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் நடத்தினார்கள். மீண்டும் எதிர்ப்பு, தேர்வு நீக்கப்பட்டது. வாய்திறந்தால் பின்வாங்குகின்றார்கள் என்பதை இவ்விரண்டும் காட்டவில்லையா?

நம் முகத்தையும் பார்ப்போம்

பிறரைச் சாடியது போதும். இனி நம்மை நாமே சாடிக்கொள்ள வேண்டும். தூயதமிழ் அன்பர்களாகிய நாம் என்ன செய்துகொண்டிருக்கின்றோம்? ஒரு பொருளுக்கு மூன்று தமிழ்ச்சொல் படைத்து, எது சிறந்தது என்று ஓராண்டுக் காலம் வழக்காடுகின்றோம். அதே பொழுதில், நம் பக்கத்து வீட்டுக்காரர் வைப்பகப் படிவத்தை எழுதித்தர ஆள் தேடி அலைகின்றார். மேடையில் மறைமலையடிகளைப் போற்றுகின்றோம். கீழே இறங்கியதும் ஆங்கிலத்தில் ஒப்பமிடுகின்றோம். மகனுக்குத் தமிழ்ப்பெயர் சூட்டிவிட்டுத் தலைப்பெழுத்தை ஆங்கிலத்தில் எழுதுகின்றோம். இது தமிழ்ப்பற்றா, தமிழ்வேடமா?

மற்றொரு குற்றமும் நம்மிடம் உண்டு. புரியாத வடசொல்லை நீக்கிவிட்டுப் புரியாத தமிழ்ச்சொல்லை அங்கே வைத்தால் அந்தக் கிழவிக்கு என்ன ஊதியம்? தடம், கொல்லை, ஒத்தி, பங்காளி, அளவுக்கல், வாய்க்கால், வரப்பு ஆகியவை மக்கள் நாவில் உயிரோடு வாழும் தூயதமிழ். இவற்றை நாட்டுப்புறப் பேச்சு என்று தாழ்த்தி, தாளில் ஏற்றத் தயங்குவது புலமையன்று, அறியாமை. முதலில் மக்கள் சொல்லை எடுத்தாளுவோம். அங்கே இல்லாததற்குப் புதுச்சொல் படைப்போம். படைத்ததைப் பத்துப் பேரிடம் சொல்லி விளங்குகின்றதா என்று பார்ப்போம். தூய்மையும் தெளிவும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். விளங்காத தூய்மை செல்லாக்காசு.

செய்யவேண்டுவன

ஒன்று: ஊர்தோறும் நம் அன்பர் இருவர், கிழமைக்கு ஒரு மாலை, சாவடியிலோ திண்ணையிலோ அமர்க. வருவோர் குறையை அவர் வாய்ச்சொல்லாலேயே எழுதுக. எழுதியதை உரக்கப் படித்துக்காட்டுக. 'இதேதான்' என்று அவர் சொன்ன பின்னரே ஒப்பம் வாங்குக. கூலி வாங்கற்க.

இரண்டு: நிலம் விற்போரும் வாங்குவோரும் உங்களை நாடினால், ஆவணத்தை எளிய தமிழில் எழுத உதவுக. பதிவுத்துறையே தமிழில் மாதிரி ஆவணங்களை வெளியிட்டுள்ளது. அவற்றையும் விளங்குமாறு திருத்தி எழுதிக் கொள்க. படித்துக்காட்டாத தாளில் விரல் வைக்கவேண்டா என்று ஊரெங்கும் சொல்லுக.

மூன்று: சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2 முதலிய நாள்களில் கூடும் ஊரவைக் கூட்டங்களுக்குத் தவறாமல் செல்க. தீர்மானத்தைப் படித்துக்காட்டிய பின்னரே ஒப்பமிடுவோம் என்று கேட்க. ஒரு பெண்ணாவது அவ்வவையில் எழுந்து பேசச் செய்க.

நான்கு: பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் செல்லும் நம் இளைஞர்கள், புரியாத மொழித் தாளில் ஒப்பமிடுமுன் 'இதன் பொருளைத் தமிழில் சொல்லுங்கள்' என்று கேட்கப் பழகுக. கேட்பது இழிவன்று, கேளாமல் ஒப்பமிடுவதே இழிவு.

ஐந்து: உங்கள் ஒப்பமும் தலைப்பெழுத்தும் கடைப்பலகையும் திருமண அழைப்பும் இன்றே தமிழாகட்டும். இதற்கு எந்த அரசின் இசைவும் தேவையில்லை.

அந்த மூதாட்டியின் தடம் பின்னர் அளக்கப்பட்டதா என்று கேட்பீர்கள். எட்டு வரித் தாள் உள்ளே சென்ற சில கிழமைகளில் நில அளவையர் வந்தார்; கல் அகன்றது. தமிழ் பிழைப்புத் தராது என்று கூறுவோரே, இதற்கு மறுமொழி கூறுங்கள்! அவர் நிலத்திற்கு வழி திறந்தது ஆங்கிலமுமன்று, சமற்கிருதமுமன்று. அவர் வாயிலேயே இருந்த தமிழ்.

அந்தத் தமிழைத் தாளில் ஏற்றுவோம். தாளில் ஏறிய தமிழ் அலுவலகம் ஏறும்; அலுவலகம் ஏறிய தமிழ் வழக்குமன்றம் ஏறும்; வழக்குமன்றம் ஏறிய தமிழை அரியணையிலிருந்து இறக்க எவராலும் இயலாது. தூவலை எடுங்கள், திண்ணையில் அமருங்கள்!